சீட்டுக்கு முன்பணம், வியாபாரியின் வட்டியில்லாக் கடன்: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நல்ல மாதம் என்றால் 20,000 வரும், சில மாதம் 8,000 கூடத் தேறாது. நான் மீன் வாங்கிக் காயவைத்துக் கருவாடு விற்கிறேன். மாதம் 200 கிலோ போகும், கையில் 6,500 நிற்கும். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. ஐந்து வருடமாகச் சனிக்கிழமைதோறும் ராமநாதபுரம் போய்க் கர்நாடக வயலின் கற்றுக்கொள்கிறாள், மாதா கோயில் பாடகர் குழுவிலும் வாசிக்கிறாள். இசைதான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் இசைப் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ, வருடத்துக்கு 3 லட்சம். இந்த மாதத்துக்குள் 50,000 கட்டினால் சீட் உறுதி, ஆடிஷன் அப்புறம் பேருக்கு நடக்கும் என்று போனில் சொன்னார்கள். தபால் ஆபீஸில் 90,000 இருக்கிறது, ஏழு பவுன் நகை இருக்கிறது, மகளிர் குழுக் கடன் 40,000 பாக்கி. நான் சரக்குப் போடும் வியாபாரி 2 லட்சம் வட்டியில்லாமல் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கட்டலாமா? அவளுக்குப் புது வயலினும் வேண்டுமாம்.

பதில்: சகோதரி, அந்த 50,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். பிள்ளை வயலின் வில்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே சீட் உறுதி என்று சொல்கிறவர்கள், அவள் எப்படி வாசிப்பாள் என்று தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை. இசை சொல்லித்தரும் இடத்துக்கு அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

இதை எங்கள் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அண்ணன் மகள் பாட்டுப் படிக்க இப்படித்தான் ஓரிடத்தில் 25,000 கட்டினோம். ஆடிஷன் முடிந்ததும், இன்னும் ஒரு வருடம் பவுண்டேஷன் கோர்ஸ் படித்தால்தான் டிப்ளமோவில் சேர்க்க முடியும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிற நானே அந்தப் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் இந்த வேலை நடக்காது. 2018 அக்டோபரில் அவர்கள் போட்ட விதிப்படி, சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று அறிவித்த தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். அலுவலகச் செலவு என்று சிறு தொகைதான் பிடிக்கலாம். கடைசி நாள் தாண்டிய பின்னும் முதல் 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் பாதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. பல்கலைக்கழகத்தோடு சேராத தனியார் டிப்ளமோவுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே போனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது? பதில் இழுபட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்தது வியாபாரியின் பணம். வட்டியில்லை என்று அவர் சொல்வது ஒரு வகையில் உண்மைதான், தாளில் வட்டி இருக்காது. ஆனால் கடன் தீரும்வரை உங்கள் சரக்கு வேறு தராசில் ஏறாது, விலையையும் அவர்தான் சொல்வார். கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோவுக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. இரண்டு லட்சத்துக்கு இது 18 சதவீத வட்டி. அசல் அப்படியே நிற்கும். இன்னொரு பக்கமும் பாருங்கள்: உங்கள் கையில் நிற்கும் 6,500-இல் 3,000 போனால் மிச்சம் 3,500. மகள் சென்னையில் இருக்கும்போது வீட்டில் மாறாமல் வருகிற ஒரே வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடற்கரையில் இந்த முன்பணத்தில் மாட்டிப் பத்து வருடம் மீளாத குடும்பங்களை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, பேங்கில் கல்விக் கடன் வாங்கலாமே என்பீர்கள். அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் அந்த வழி திறக்கும். 4 லட்சம் வரை ஈடு வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை ஈடு கேட்பார்கள். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்லும் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே 9 லட்சம். பத்தரை சதவீத வட்டியில், பதினைந்து வருடத் தவணையில் மாதம் ஏறக்குறைய 10,000 கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி தனி.

படித்து முடித்த வயலின் கலைஞருக்கு முதல் சில வருடம் மாதம் 10,000 தவணை என்பது பெரிய பாரம். திறமை இல்லாமல் இல்லை, வருமானம் வருகிற விதம் அப்படி. என்னிடம் கணக்குப் பார்க்க வரும் இசைக்காரர்கள் இருக்கிறார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மார்கழியில் கச்சேரி உண்டு, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அதில் பேர் கிடைக்கும், பணம் கிடைக்காது. தவக்காலத்தில் மாதா கோயில் கல்யாணங்களும் நின்றுவிடும். உங்கள் வீட்டுக்காரருக்குத் தடைக்காலம் வருடத்துக்கு ஒரு தரம் வருகிறது. வாசிக்கிறவர்களுக்கு அது நாலைந்து தரம் வரும். மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டிய தவணையை இப்படிப்பட்ட வருமானத்தின் தலையில் வைக்கக் கூடாது. அவள் இசை படிக்கட்டும், கடனில்லாமல் படிக்கட்டும். அதற்கு வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, திருவையாறு, கோவை என்று நாலு ஊரில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் மதுரை, பசுமலையில் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. சென்னை ராணி மேரிக் கல்லூரியில் இளங்கலை இசை உண்டு. கலாக்ஷேத்ராவும் உண்டு, ஆனால் அங்கே போட்டி அதிகம். அரசுக் கல்லூரிகளில் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது, விடுதியும் சாப்பாடும்தான் செலவு. குறைந்தது நாலு இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரம் ஒன்றும் இசைக்குப் புது ஊர் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருவான பூச்சி சீனிவாச ஐயங்காரை ஊர்ப்பெயரோடுதான் இன்றும் சொல்கிறார்கள், பின்னால் வந்த ராம்நாட் கிருஷ்ணனையும் அப்படித்தான்.

இனிப் பணத்தைவிட நாள்காட்டிதான் உங்களுக்கு முக்கியம். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, முதல் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் மே, ஜூனில் வந்து விழும். வீட்டில் காசே இல்லாத இரண்டு மாதத்தில் காசு கேட்கும் வேலையெல்லாம் சேர்ந்து வருகிறது. தடைக்கால நிவாரணம் 8,000 அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். ஆகவே மார்ச் முடிவதற்குள் தபால் ஆபீஸ் பணத்திலிருந்து 20,000 எடுத்துத் தனியாக, மகள் பேரில் உள்ள கணக்கில் போடுங்கள். அது தேர்வுக்குப் போய்வருகிற பணம். வீட்டில் யார் கேட்டாலும் அதைத் தொடக் கூடாது, வலை கிழிந்தாலும்கூட.

இருபதாயிரம் எதற்கு? மதுரைக்கு இரண்டு பேர் காலையில் பஸ் ஏறி ராத்திரி திரும்பிவிடலாம், சாப்பாட்டோடு ஆயிரத்தைச் சுற்றி ஆகும். திருவையாறு, சிதம்பரம் போனால் ஒரு ராத்திரி தங்கல், இடத்துக்கு 2,500. சென்னைக்கு 4,000 வையுங்கள். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் தீவுக்குள்ளேயே வந்துவிட்டதால் மண்டபம் வரை வயலினைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கும் பாடு இல்லை. ஆனால் படுக்கை டிக்கெட் முன்கூட்டியே போடுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய் இறங்கி, காலையில் கை நடுங்க வாசித்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அங்கே மிச்சம் பிடித்தது 300 ரூபாய். இதோடு விண்ணப்பக் கட்டணங்கள், இரண்டு செட் தந்தி, வில்லுக்குப் புது முடி. அப்புறம் மார்ச் கடைசியில் பரீட்சை முடிந்ததும் உள்ளூர் மிருதங்கக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஏழெட்டு நாள் அவளோடு வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கிற 3,000 இந்தப் பட்டியலிலேயே பிரயோஜனமான செலவு. ஐந்து வருடம் தனியாகவும் கோயில் குழுவோடும் வாசித்தவளுக்குத் தாளம் கூட இருக்கும்போதுதான் எங்கே ஓடுகிறோம் என்று தெரியும்.

தேர்வில் பெரும்பாலும் பார்ப்பது சுருதி சேர்க்கத் தெரிகிறதா, ஸ்வர வரிசைகளை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் வாசிக்கிறாளா, வர்ணம் இரண்டு காலத்தில் நிற்கிறதா, ஒன்றிரண்டு கீர்த்தனை சுத்தமாக வருகிறதா, அவர்கள் பாடிக்காட்டியதைத் திருப்பி வாசிக்கிறாளா என்பதுதான். பத்துக் கீர்த்தனை அரைகுறையாக வேண்டாம். இது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை, வாசிக்கிறவர்கள் சொல்லிக் கேட்டது. அவளுடைய சாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வரவு பக்கத்துக்கு வருகிறேன். மகள் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், மூன்று வருடத்துக்கு 36,000. கல்லூரியில் சேர்ந்த வாரமே பதியச் சொல்லுங்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் சேர்ந்தால் இது கிடையாது, அந்த 36,000-மும் சென்னைக் கணக்கில் நட்டம்தான். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகை தனி. மீனவர் நல வாரியத்தில் வீட்டுக்காரர் உறுப்பினரா? இல்லையென்றால் இந்த வாரமே சேருங்கள், உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே உதவி உண்டு. வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே இ-சேவையில் போட்டு வாங்கி வையுங்கள். மே மாதம் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் மயக்கம் வரும்.

மீதி 70,000-இல் 30,000 தடைக்காலச் சாப்பாட்டுக்கு. 40,000 முதல் வருடக் கட்டணத்துக்கும் விடுதிக்கும். குழுக் கடனை அடைக்க அவசரப்பட வேண்டாம், தவணை தவறாமல் கட்டினால் போதும். குழுவில் உங்கள் பேர் கெடாமல் இருந்தால் அடுத்த கடனும் அங்கேயே கிடைக்கும், வியாபாரியிடம் போக வேண்டியிருக்காது. நகையைத் தொடாதீர்கள். விடுதிக்குத் துண்டு விழுந்தால் ஒன்றரைப் பவுனை மட்டும் பேங்கிலோ சொசைட்டியிலோ வையுங்கள், மீன் வரத்து கூடியதும் மீட்டுவிடலாம். ஏழு பவுனையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஒரு இடத்திலும் கிடைக்கவில்லை என்றால்? ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருடச் சான்றிதழ்ப் படிப்பு, வயலினும் உண்டு, கட்டணம் பெயருக்குத்தான். வீட்டிலிருந்தே போய்வரலாம். ஒரு வருடம் அங்கே கை பதிந்த பிறகு மறுபடி கல்லூரிக்கு எழுதலாம். பக்கத்து வீட்டில் ஒரு வருடம் வீண் என்பார்கள். சொல்லட்டும்.

கடைசியாகப் புது வயலின். வேண்டாம், இந்த வருடம் வேண்டாம். கை பழகின வாத்தியத்தைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் மாற்றினால் ஸ்வரத்துக்கு விரல் வைக்கும் இடம் தேடவே நாள் போய்விடும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் தந்தி துருப்பிடித்திருக்கும், தந்தியை முறுக்கும் பிருடை இறுகியோ வழுக்கியோ இருக்கும், பசை விட்ட இடமும் இருக்கலாம். அதைத்தான் பிள்ளை வயலின் சரியில்லை என்கிறாள் என்று நினைக்கிறேன். மதுரையில் வாத்தியம் பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள், 1,500 இரண்டாயிரத்துக்குள் முடியும். பரீட்சை முடிந்த மறுநாளே கொண்டுபோய்விடுங்கள், தேர்வுக்கு முந்தின வாரம் வரை வைத்திருக்க வேண்டாம்.