ஒரே ஆண்டு, இரண்டு ஒப்பந்தங்கள்

கேள்வி: பி.ஏ. அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு ‘நீதி, வெளியுறவுக் கொள்கை, அரசின் அதிகாரம்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். ரொம்பப் பெரிசு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு வா என்று கைடு திருப்பித் தந்துவிட்டார். எதைப் பிடிப்பது?
- மாணவி, ராமநாதபுரம்

பதில்: கைடு சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுமே ஒரே இடத்தில் வந்து முட்டுகிற விஷயம் ஒன்று உங்கள் மாவட்டக் கடலிலேயே இருக்கிறது. கச்சத்தீவுதான். ‘கச்சத்தீவு யாருக்குச் சொந்தம்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதை எழுதித் தீர்த்துவிட்டார்கள். வேறு பக்கமாக வாருங்கள்.

1974 மே 16-ல் இந்திரா காந்தி வங்கதேசத்தின் முஜிபுர் ரஹ்மானோடு எல்லை ஒப்பந்தம் போட்டார். ஆறு வாரம் கழித்து, ஜூன் 26, 28 தேதிகளில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திராவும் கையெழுத்திட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. இரண்டும் ஒரே பிரதமர் போட்டவை. இரண்டாவது அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலாவதை இந்தியா முழுசாக நிறைவேற்ற 2015-ல் அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் வரவேண்டியிருந்தது, அதாவது 41 வருஷம். ஏன் இந்த வித்தியாசம்? இதுதான் உங்கள் கேள்வி.

விடை தேட இரண்டு தீர்ப்புகளைப் படித்தே ஆகவேண்டும். மேற்கு வங்கத்தில் பெருபாரி என்கிற ஊரில் பாதியை நேரு பாகிஸ்தானுக்குத் தர ஒப்புக்கொண்டபோது, 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும், சாதாரணச் சட்டம் போதாது. அப்புறம் 1969-ல், குஜராத்தின் கட்ச் பகுதியில் பாகிஸ்தானோடு இருந்த எல்லைத் தகராறு பற்றிய வழக்கில், தகராறில் உள்ள எல்லையை வரையறுப்பது விட்டுக்கொடுப்பது ஆகாது, அதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது. கச்சத்தீவை மத்திய அரசு இரண்டாவது பெட்டிக்குள் வைத்தது. தீவு எப்போதுமே தகராறில்தான் இருந்தது, எனவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அதன் வாதம். ராமநாதபுரம் ஜமீன் உரிமையைக் காட்டி எதிர்ப்பவர்கள், அது நம் நிலம்தான் என்கிறார்கள். ஆக, ஒரு நிலத்தைத் ‘தகராறு’ என்று பெயரிடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரே நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்பதையும் முடிவுசெய்துவிடுகிறார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் காரணத்தோடு நில்லுங்கள்.

நீதிக்கு எங்கும் போகவேண்டாம். ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவை எடுத்துப் பாருங்கள்: இந்திய மீனவர்களும் அந்தோணியார் கோயிலுக்குப் போகும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது. வந்து போகலாம் என்றால் மீன் பிடிக்கலாமா? அந்தப் பிரிவில் அப்படி ஒரு சொல் கிடையாது. 1976-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டுப் படகு மற்றதன் கடலில் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எதிர்க்கரையிலும் தமிழ் மீனவர்தான். நம் இழுவை மடி தங்கள் வலையை அறுக்கிறது என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதை விட்டுவிட்டு நீதி பற்றி எழுதாதீர்கள். வங்கதேச எல்லையிலோ, ஒரு நாட்டுக்குச் சொந்தமாக இருந்தும் அடுத்த நாட்டுக்குள் சிக்கிய நிலத்துண்டுகளின் (சிட்மகால்) ஊர்க்காரர்கள் 2015 வரை எந்த அரசின் பொறுப்பிலும் இல்லாமல் கிடந்தார்கள். அங்கே திருத்தத்துக்குக் காத்திருந்ததே அநீதியானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எளிதான விடை கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம்.

யூடியூப் பேச்சுகளைச் சான்றாகப் போடாதீர்கள். 1974 ஜூலை 23 அன்று மக்களவையில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் தந்த அறிக்கையும், அதை எதிர்த்துத் தமிழக எம்.பி.க்கள் இரா. செழியன், மூக்கையாத் தேவர் பேசியதும் நாடாளுமன்ற இணைய நூலகத்தில் இருக்கின்றன. முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் தலைப்பை எழுதிக்கொண்டு கைடிடம் போங்கள்.