வாசகர் கேட்டவை: இஸ்ரேல், யூதர், பக்கத்துக் கொச்சி

போன இதழில் இஸ்ரேல் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களைப் பிரித்துப் படிக்கவே இரண்டு நாள் ஆகிவிட்டது. சிலர் பாராட்டியிருந்தீர்கள், சிலர் திட்டியிருந்தீர்கள், நிறையப் பேர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தீர்கள். அதனால் இந்த வாரம் முழுக்க இதே விஷயம்தான்.

உலகத்தில் மொத்தம் எத்தனை யூதர்கள்? எல்லோரும் இஸ்ரேலுக்கே போய்விட்டார்களா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

சுமார் 1 கோடியே 57 லட்சம். நம் மாநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 70 லட்சத்துக்கு மேல், இஸ்ரேலில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 60 லட்சத்துக்கு மேல். மீதிப் பேர் பிரான்ஸ், கனடா, பிரிட்டன், அர்ஜென்டினா என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஈரானில்கூட இன்றைக்கும் சில ஆயிரம் யூதர்கள் வாழ்கிறார்கள், அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1939இல் உலகத்தில் இருந்த யூதர்கள் சுமார் 1 கோடியே 65 லட்சம். நாஜிகள் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். எண்பது வருஷம் ஆகியும் பழைய எண்ணிக்கை இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்ரேல் மக்கள் எல்லோரும் யூதர்களும் இல்லை. அந்நாட்டில் ஐந்தில் ஒருவர் அரபு. அவர்களுக்கு ஓட்டு உண்டு, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் உண்டு. ஆனால் 1966 வரை அவர்களில் பெரும்பாலோர் ராணுவ ஆட்சியின்கீழ்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். நிலம், வீடு, ஊருக்கு வரும் அரசுப் பணம் என்று இன்றைக்கும் அவர்களுக்குக் குறைகள் உண்டு.

கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட மதவாதிகள் ராணுவத்தில் சேர மாட்டோம் என்று ரோட்டில் உட்காருகிறார்கள். போர் நடக்கிற நாட்டில் இது எப்படி முடிகிறது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

அந்த நாட்டு அரசாங்கங்களை ஆட்டி வைக்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர்களை ஹரேதி என்பார்கள். எபிரேயத்தில் அதற்கு 'நடுங்குகிறவர்' என்று பொருள், அதாவது கடவுளுக்கு முன்னால். 1948இல் நாடு பிறந்தபோது பிரதமர் பென் குரியன், தோரா என்ற யூத வேதத்தைப் படிக்கிற 400 மாணவர்களுக்கு ராணுவ விலக்குக் கொடுத்தார். ஐரோப்பாவின் பெரிய யெஷிவாக்கள், அதாவது மதக்கல்விக் கூடங்கள், அப்போதுதான் ஆசிரியர், மாணவர், புத்தகம் எல்லாவற்றோடும் எரிந்து போயிருந்தன. மிச்சமிருந்த தழலை அணையாமல் காக்கலாம் என்ற எண்ணம். 400 பேர்தானே என்று அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு ஹரேதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒருவர். ஒரு வீட்டில் ஆறு, ஏழு பிள்ளைகள் சாதாரணம். மற்ற யூத வீடுகளிலோ, பதினெட்டு வயதானதும் பையனும் பெண்ணும் ராணுவத்துக்குப் போகிறார்கள், பிறகு பல ஆண்டுகள் 'மிலுயிம்' என்ற சேமப்படை அழைப்பு வந்துகொண்டே இருக்கும். 2023 அக்டோபருக்குப் பிறகு நூற்றுக்கணக்கான நாள் சீருடையில் கழித்த அப்பாக்கள் இருக்கிறார்கள். சம்பளம் போய், கடை மூடி, குழந்தையை ஒற்றை ஆளாக மனைவி பார்த்துக்கொண்ட வீடுகள் அவை. அந்த வீட்டுப் பெண்மணி, எதிர்த் தெருவில் இருபது வயதுப் பையன் புத்தகத்தோடு நடந்து போவதைப் பார்க்கும்போது அவளுக்கு என்ன தோன்றும்?

2024 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: விலக்குக் கொடுக்கச் சட்டம் எதுவும் இல்லை, ஆள் எடுத்தே ஆக வேண்டும். அப்புறம்தான் புயல். விலக்கை எழுதித் தரும் சட்டம் வராததால் 2025 ஜூலையில் ஹரேதிக் கட்சிகள் அமைச்சர் பதவிகளை உதறின. அக்டோபர் கடைசியில் ஜெருசலேமின் நுழைவாயிலையே அடைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் கூடினார்கள்.

அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். தோராவைப் படிப்பதே இந்த மக்களைக் காக்கிறது, ராணுவத்துக்குப் போகிற பையன் மதப்பற்றில் போனமாதிரி திரும்பி வரமாட்டான் என்று மனதார நம்புகிறார்கள். நியூயார்க்கில் பெரிதாக வேரூன்றியிருக்கும் சத்மார் பிரிவினர் போன்றவர்கள், மெசியா என்ற மீட்பர் வருவதற்கு முன் யூத நாடு அமைத்ததே தவறு என்பவர்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்துத்தான் அது நடக்கிறது என்பதால், நான் அந்தப் பெண்மணியின் பக்கம்தான் நிற்பேன்.

அங்கே ஏன் ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை கிடைப்பதில்லை?
(வாசகர், ஈரோடு)

நாடு முழுவதும் ஒரே தொகுதி. கட்சிக்குத்தான் ஓட்டு, வேட்பாளருக்கு இல்லை. 3.25 சதவீதம் வாங்கினாலே க்னெஸெட் என்ற 120 இட நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிடலாம். 61 பேரைத் தனியாகப் பிடித்த கட்சி இதுவரை ஒன்றுகூட இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து 2022 நவம்பருக்குள் ஐந்து பொதுத்தேர்தல் நடந்தது. அப்படியென்றால் ஏழெட்டு இடம் வைத்திருக்கும் கட்சிக்கு எவ்வளவு கிராக்கி என்று பாருங்கள். மேலே சொன்ன ஹரேதி விவகாரம் தீராமல் இழுப்பதற்கும் இதுதான் பாதிக் காரணம்.

காசாவில் அத்தனை குழந்தைகள் செத்த பிறகும் யூதர்களைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?
(வாசகர், காயல்பட்டினம்)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் நியாயமானது. காசா சுகாதார அமைச்சகக் கணக்கில், 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வருவதற்குள் 67,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. மாவு வாங்கப் போனவர்கள் பிணமாக வந்தார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் கிடையாது, தேடவும் மாட்டேன்.

2023 அக்டோபர் 7ஐயும் அதே மனசோடுதான் பார்க்கிறேன். ஹமாஸும் அதோடு வந்தவர்களும் ஒரே நாளில் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிடித்துப் போனார்கள். பேரி என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், விவியன் சில்வர் என்று 74 வயது அம்மா இருந்தார். காசா நோயாளிகளை எல்லையிலிருந்து இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துப் போகும் தொண்டர்களில் ஒருவர். அவரையும் கொன்றார்கள். அடையாளம் காணவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை பணயக்கைதியாக உயிரோடு இருப்பார் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசாவில் நடப்பது இனப்படுகொலை என்று 2025 ஜூலையில் அறிவித்த பெட்ஸெலெம், இஸ்ரேலிய மனித உரிமை அமைப்புதான், அதை நடத்துவதில் யூதர்களும் உண்டு. இஸ்ரேல் அரசு அதை அடியோடு மறுக்கிறது. 2023 அக்டோபர் கடைசியில் 'போரை நிறுத்து' என்று நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கைதானவர்களும் பெரும்பாலும் யூதர்களே. அதே நியூயார்க்கில் இஸ்ரேல் கொடியோடு நின்ற யூதர்களும் ஏராளம். இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக நினைத்துப் பேசுவதைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை. 2025 அக்டோபர் 2 அன்று, யோம் கிப்பூர் நோன்பு நாளில், மான்செஸ்டரில் ஜெபக்கூடத்தின் வாசலில் தாக்குதல் நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் ஹனுக்கா பண்டிகைக்கு விளக்கேற்ற வந்தவர்களில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களா காசாவில் குண்டு போட்டார்கள்? அன்றைக்குச் சுட்டவனில் ஒருவன்மேல் வெறுங்கையோடு பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர் அகமது அல் அகமது, சிரியாவிலிருந்து வந்த முஸ்லிம். தானும் குண்டடி பட்டார். ஐயா, நீங்களும் நானும் அவர் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை யூதர்கள் விளக்கைக்கூடப் போட மாட்டார்களாமே, நிஜமா?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

கடைப்பிடிக்கிறவர்கள் போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயத் தொடங்கி, சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை ஷபாத். அதற்குள் தீ மூட்டக் கூடாது, மின்சார சுவிட்சையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் வெள்ளி மதியம் அந்த வீடுகளைப் பார்க்க வேண்டும், நம் வீட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும். பெருக்கித் துடைத்து, குளித்து, இரண்டு சடை பின்னின ரொட்டிகளைத் துணி போட்டு மூடி வைத்து, பயறு, உருளைக்கிழங்கு, பார்லி, இறைச்சி, முழு முட்டை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுச் சிறு சூட்டில் ஏற்றிவிடுவார்கள். மறுநாள் மதியம் வரை அது விடிய விடிய வெந்துகொண்டிருக்கும், முட்டை பழுப்பு நிறமாகிவிடும். சூரியன் மறைய 18 நிமிஷம் இருக்கும்போது வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்வாள். அத்தோடு போன், டிவி, கார் எல்லாம் ஓய்ந்தது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிப் போகக் கூடாது என்பது விதி, சாவிக்கொத்துகூட. அப்படியானால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் ஜெபக்கூடத்துக்கு எப்படிப் போவாள்? அதற்காக ஊரைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கம்பி கட்டி, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வளாகம் என்று ஆக்கிக்கொள்கிறார்கள். பெயர் ஏருவ். நியூயார்க்கின் மன்ஹாட்டனைச் சுற்றியும் அது ஓடுகிறது. காற்றில் எங்காவது அறுந்திருக்கிறதா என்று வாரா வாரம் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்.

இஸ்ரேலில் எல்லோரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே சனிக்கிழமை டெல் அவிவ் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

செத்துப்போன எபிரேய மொழியை உயிர்ப்பித்தார்கள் என்கிறார்களே?
(தமிழாசிரியர், நெல்லை)

ஐயா, முழுக்கச் சாகவில்லை. ஜெபத்திலும் கடிதத்திலும் இருந்தது, அடுப்படியில்தான் இல்லை. 1881இல் எலியேசர் பென் யெஹூதா ஜெருசலேமுக்கு வந்து, மறுவருஷம் பிறந்த மகனின் காதில் எபிரேயம் தவிர வேறு சொல் விழாமல் வளர்த்தார். சொற்களை உண்டாக்கிக்கொண்டே இருந்தார். அகராதிக்கு 'சொற்களின் புத்தகம்' என்று இருந்ததை, சொல் என்ற வேரிலிருந்து 'மிலோன்' ஆக்கினார். ஐஸ்கிரீமுக்கு 'க்லிதா'. எல்லாம் நிலைக்கவில்லை. தக்காளிக்கு அவர் சொன்ன 'பதூரா'வை யாரும் ஏற்கவில்லை, 'அக்வானியா'தான் நின்றது. கலைச்சொல் ஆக்குகிற உங்களுக்கு இந்த வலி தெரியும்.

ஆனால் மொழியை நிலைநிறுத்தியது பள்ளிக்கூடம். ரஷ்யாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர்களுக்குப் பொதுவாக இருந்தது எபிரேயம் ஒன்றுதான். அதற்கு ஒரு விலையும் உண்டு: இத்திஷ், லதீனோ, யூத அரபு என்று பாட்டிமார் பேசிய மொழிகள் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கின.

விவிலியத்தில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவரும் 'துக்கி' என்ற பறவை மயில் என்றும், அது நம் 'தோகை'யிலிருந்து போன சொல் என்றும் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.

கொச்சி யூதர்கள் பற்றிக் கொஞ்சம் எழுதுங்களேன். மட்டாஞ்சேரிக்குப் போனால் என்ன பார்க்கலாம்?
(வாசகர், நாகர்கோவில்)

ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தார். வட்டெழுத்தில், நாம் இன்றைக்கும் எழுத்துக்கூட்டிப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில், பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை, தோரணம் என்று உரிமைகளை எண்ணிக்கொண்டே போகிறது, மொத்தம் 72. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் போனபோது இதன் நகலைத்தான் பரிசாகக் கொண்டுபோனார்.

இதை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் பாதிக் கதைதான். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின், ஜெபக்கூடத்தில், அடிமை வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்களை மற்றவர்களுக்குச் சமமாக உட்கார விடவில்லை. யூதர்களுக்குள்ளும் நம் ஊர்ச் சாதி புகுந்துவிட்டது. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அவர்களில் ஒருவர். ஜெபக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து உரிமை வாங்கினார், 'யூத காந்தி' என்றே பெயர் வந்துவிட்டது.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதீம் என்ற ஊரில் குடியேறி, கடைசியில் பூப்பண்ணை போட்டு நிமிர்ந்தார்கள். பெண்கள் மலையாளப் பாட்டு நோட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப் போனார்கள், கல்யாணப் பாட்டெல்லாம் அவற்றில்தான் இருந்தது.

நான் போனபோது செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். காலடியில் குளுகுளுவென்று நீல வெள்ளைச் சீன ஓடுகள், கையால் தீட்டியவை, கொஞ்ச நேரம் குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள். ஊரில் மிச்சம் இருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முறைப்படி கூட்டு ஜெபம் நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும், அதனால் வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். வெள்ளி மதியத்தையும் நம்ப வேண்டாம்.