கிழிந்தால் ஒட்டிக்கொள்ளும் கவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் படிக்கிறேன். கிழிந்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும் பாலிமரில் உணவு கவர்கள் செய்ய முடியுமா என்று புராஜெக்ட் செய்ய ஆசை. பிளாஸ்டிக் குப்பைக்கு இது தீர்வாகும் என்று நம்புகிறேன். வகுப்பில் சிரிக்கிறார்கள். மக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள் என்கிறார் கைடு. எதைச் செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிப்பவர்களை விடுங்கள். 2001இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழுவினர் எபாக்ஸி என்ற கெட்டியான பிசினுக்குள் நுண்ணிய குமிழ்களைப் புதைத்தார்கள். விரிசல் வந்ததும் குமிழ் உடைந்து, உள்ளிருந்த திரவம் கசிந்து இறுகி விரிசலை மூடியது. கேலிக்குரிய துறையல்ல இது. மக்கும் பிளாஸ்டிக் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் "குப்பைக்குத் தீர்வு" என்று எப்படி எழுதினீர்கள்? நீங்கள் எறிந்த மசாலா பாக்கெட் தானாகக் கிழிந்தா குப்பைக்குப் போனது? நீங்கள்தானே கிழித்தீர்கள்? கிழிப்பதற்கென்றே செய்த பொருள் அது. அதை ஒட்டவைத்து யாருக்கு என்ன லாபம்? வேதியியல் படிக்கும் பெண் குப்பைத்தொட்டிக்குள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா?

மதுரையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கடையில் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். கையில் வந்ததைக் காதருகே வைத்து ஒரு கசக்கு. சத்தமில்லாமல் மசிந்தால் பால் கவர் குவியலுக்குப் போகும். சரசரத்தால் பின்னால் எறிவார். "இதை எவனும் வாங்கமாட்டான் சார்." அந்தக் குவியல் அவர் தோளுக்கு மேல் நின்றது.

பால் கவர் முழுக்கப் பாலிஎத்திலீன், உருக்கிக் குருணையாக்கலாம். மசாலா பாக்கெட்டில் வெளியே பாலியெஸ்டர், நடுவே பெரும்பாலும் அலுமினியம், உள்ளே பாலிஎத்திலீன். உள்படலம் 110 டிகிரி வாக்கில் உருகும். வெளிப்படலத்துக்கு 250 வேண்டும். சேர்த்து உருக்க வழியில்லை, பிரித்தாக வேண்டும். இரண்டையும் பிரிக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நடுவிலுள்ள பசை. அந்த அக்கா எறிந்தது அந்தப் பசையால்தான்.

இப்போது 2002க்கு வாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரெட் வுட்ல் குழு உருவாக்கிய பாலிமரில் ஃபியூரான், மாலிமைடு என்ற இரண்டு மூலக்கூறு அமைப்புகள், சூட்டில் பிரியக்கூடிய டீல்ஸ்–ஆல்டர் வினையில் கைகோத்திருந்தன. 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கை விடும், ஆறினால் மறுபடி கோக்கும். விரிசல் ஆறியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது கை விடுவதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பிணைப்பைக் கவரில் வைக்காதீர்கள், பசையில் வையுங்கள். சூடாக்கினால் படலங்கள் தனித்தனியே கழன்று வரட்டும்.

கவரை சீல் செய்யும் சூட்டிலேயே பசை விட்டுவிடாதா என்று கைடு கேட்பார். கேட்கட்டும். கவரின் வாயை ஒட்டும் சூடான பட்டை படிவது ஒரு நொடிகூட இல்லை. மறுசுழற்சி ஆலையின் சூடான தொட்டியில் மணிக்கணக்கில் ஊறவைக்கலாம். அந்த நேர வித்தியாசத்துக்குள் உங்கள் பிணைப்பு அடங்குமா என்பதை முதலில் அளந்து பாருங்கள். பசையிலிருந்து மாலிமைடு உணவுக்குள் இறங்குகிறதா என்பதையும் கூடவே சோதியுங்கள். அளந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.