அட்டைப்பெட்டி ரோபோவும் தாய்மாமனும்

கேள்வி:

அக்கா, எனக்கு வயது 26. திருமங்கலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படித்தபோது டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு நண்பர்களோடு மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்த படம் ‘பசிபிக் ரிம்’. கடலுக்கு அடியிலிருந்து வரும் ராட்சத மிருகங்களோடு ராட்சத ரோபோக்கள் மோதும் கதை. வீட்டில் அடி வாங்கியும் மறக்காத படம். 2018-ல் இரண்டாம் பாகம் வந்தபோது அதே மூன்று பேரும் போனோம். இண்டர்வெல்லில் எழுந்து வந்துவிட்டோம்.

இந்த லீவுக்கு உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயது. டிவியில் தமிழில் போட்ட அந்த இரண்டாம் பாகம்தான் அவனுக்கு உயிர். என்னையும் உட்காரவைத்துக் காட்டினான். “இது ஒரு படமாடா மாப்ளே, செம மொக்கை” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கிழித்துவிட்டேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் அவன் ஒரு ரோபோ செய்து, கடையில் வைக்கச் சொல்லித் தந்திருந்தான். குட்டையாக, கை காலை மடக்கினால் உருண்டையாகிற மாதிரி ஏதோ ஒன்று. “என்னடா இது, கோழிமுட்டையா” என்று அதையும் கிண்டல் செய்துவிட்டேன். மறுநாளே ஊருக்குப் போகிறேன் என்று அழுது போய்விட்டான். ரோபோவை எடுத்துப் போகவில்லை. போனிலும் வருவதில்லை. “சின்னப் பையன்கிட்ட உனக்கு என்னடா வாக்குவாதம்” என்கிறாள் அக்கா. நான் சொன்னது பொய்யா? அவனுக்காக மொக்கைப் படத்தை நல்ல படம் என்று சொல்ல வேண்டுமா?

– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்:

தம்பி, முதலில் படக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அதில் நான் உங்கள் கட்சி.

‘பசிபிக் ரிம்: அப்ரைசிங்’ வந்தது 2018 மார்ச்சில். தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் என்று புதுத் தமிழ்ப் படங்கள் வராமல் இருந்த நேரம் அது, உங்களுக்கும் நினைவிருக்கும். வேறு போக்கில்லாமல் எங்கள் வீட்டுக்காரரோடு நானும் போனேன். பின்வரிசையில் ஒரு காலேஜ் கூட்டம். முதல் சண்டைக்கு விசில். அப்புறம் முதல் பாகத்து நாயகி மாகோ மோரி வந்த ஹெலிகாப்டர் விழுந்தது. “இதுக்காடா வந்தோம்” என்று ஒரு பையன் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது. அதன் பிறகு பின்வரிசையில் செல்போன் வெளிச்சம்தான். நீங்கள் எழுந்து வந்ததும் ஏறக்குறைய அதே கோபத்தில்தான் இருக்கும்.

முதல் பாகத்தில் இடிந்த டோக்கியோ தெருவில், கையில் ஒற்றைச் சிவப்பு ஷூவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே நடந்துவரும் குழந்தைதான் அந்த மாகோ. அத்தனை பெரிய இரும்புச் சண்டைக்கு நடுவில் படத்தைத் தாங்கி நின்றது அந்தச் சின்ன ஷூ. அவளைக் காப்பாற்றி வளர்த்தவர் பெண்டகாஸ்ட். இரண்டாம் பாகத்தில் அவருடைய மகனுக்கு வீரம் வர வேண்டும், அதற்கு ஒரு சாவு வேண்டும், சரி, மாகோவைக் கொன்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். முதல் பட ஹீரோ ஆளையே காணோம். கோமாளி விஞ்ஞானி நியூட் வில்லனாகிவிட்டான். நமக்குத் தெரிந்த வீட்டுக்குப் போனால், உள்ளே யாரோ வாடகைக்கு இருந்த மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்தது, எடை. இதைப் பலரும் ‘கிராபிக்ஸ் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிராபிக்ஸில் குறை இல்லை. அசைவில்தான் குறை. முதல் பாகத்தின் ஜிப்சி டேஞ்சர் ரோபோவின் உயரம் 79 மீட்டர். நம் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். ஒன்றரைக் கோபுரம் எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? மெதுவாக இருக்கும். தொட்டில் சட்சட்டென்று ஆடும், ஆலமரத்து ஊஞ்சல் நிதானமாக ஆடும், கயிறு நீள நீள ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரமும் கூடும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. இந்தக் கணக்குப்படி நம்மைவிட 45 மடங்கு உயரமான ரோபோ கையை வீச, நம்மைவிட ஆறேழு மடங்கு நேரம் பிடிக்க வேண்டும். 1954-ல் ஜப்பானில் காட்ஸில்லா எடுத்தவர்கள் ரப்பர் உடைக்குள் ஆளை நிறுத்தி, வேகமாக ஓடும் கேமராவில் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டியது இதனால்தான். அந்தப் படத்தின் இயக்குநர் இஷிரோ ஹோண்டாவுக்கும், பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம்பிடித்து ராட்சத மிருகங்களை உலவவிட்ட ஹாலிவுட்காரர் ரே ஹாரிஹாசனுக்கும்தான் கியர்மோ டெல் டோரோ தன் ‘பசிபிக் ரிம்’மைச் சமர்ப்பணம் செய்தார்.

இவ்வளவு பௌதிகம்கூட வேண்டாம். சித்திரையில் மாசி வீதியில் தேரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வடம் இறுகும், ஆயிரம் பேர் மூச்சைப் பிடிப்பார்கள், ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, அப்புறம்தான் அசையும். அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் தேர் இல்லை. முதல் பாகத்தில் அது இருந்தது. முழங்கை பின்னால் போகும், ராக்கெட் சீறும், நாம் சீட்டை இறுக்கிப் பிடிப்போம், அதன் பிறகே குத்து விழும். சண்டை பெரும்பாலும் இரவில், மழையில், கடலில். உடம்பில் வழிகிற தண்ணீர்தான் அதன் அளவைச் சொன்னது. இரண்டாம் பாகத்தில் டோக்கியோவின் பட்டப்பகலில் ரோபோக்கள் ஷேர் ஆட்டோ மாதிரி வளைந்து வளைந்து ஓடின.

டெல் டோரோ இந்த முறை தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் நின்றுகொண்டார். இயக்கியவர் ஸ்டீவன் டிநைட், அவருக்கு அது முதல் சினிமா. டெல் டோரோ எடுக்கப்போன ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’, இது வெளியாவதற்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. வசூலும் 41 கோடி டாலரிலிருந்து 29 கோடிக்கு இறங்கியது. ஆக, உங்கள் தீர்ப்பு பொய் இல்லை.

ஆனால் அதே அரங்கத்தில் முன்வரிசையையும் நான் பார்த்தேன். டோக்கியோ சண்டையில் மூன்று மிருகங்கள் சேர்ந்து ஒன்றானபோது அங்கே எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் சீட் மேல் ஏறி நின்றார்கள். பின்னால் செல்போன், முன்னால் கூத்து. இரண்டு வரிசைக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். மாகோவை அந்தப் பிள்ளைகள் முன்பின் பார்த்ததில்லை, இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. உங்கள் மருமகனும் அந்த முன்வரிசைதான்.

இப்போது அந்தக் கோழிமுட்டைக்கு வருகிறேன். படத்தின் தொடக்கத்தில், அதாவது நீங்கள் எழுந்து வருவதற்கு முன்பே, அமாரா என்று ஒரு பெண் வருவாள். பெற்றோர் இல்லாத பிள்ளை. பழைய இரும்பைப் பொறுக்கித் தானே ஒரு குட்டி ரோபோ செய்து வைத்திருப்பாள். மற்ற ரோபோக்களுக்கு இரண்டு பேர் வேண்டும், இதற்கு ஒருவர் போதும். துரத்தினால் கை காலை மடக்கிக்கொண்டு உருண்டையாக உருளும். பெயர் ஸ்கிராப்பர். உங்கள் மருமகன் மிக்ஸிப் பெட்டியில் செய்தது அதைத்தான்! அந்தப் படத்தில் உருப்படியாக இருந்த ஒரே யோசனையை, நீங்களும் நானும் எடையையும் வசூலையும் அளந்துகொண்டிருந்தபோது, அவன் பிடித்துக்கொண்டுவிட்டான். சிறு பிள்ளை கிடைத்த சாமானை வைத்துத் தனக்கென்று ஒன்று செய்துகொள்ளலாம் என்பதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு விடாமல் செய்தும் விட்டான். செய்ததை வேறு யாருக்கும் தரவில்லை, மாமன் கடைக்குத் தந்தான்.

அவனுக்குக் காது குத்தியபோது உங்கள் மடியில்தானே உட்காரவைத்திருப்பார்கள்? அன்று வலிக்காத மாதிரி பேச்சுக் கொடுத்திருப்பீர்கள். இந்த முறை கொஞ்சம் ஆழமாகக் குத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

படம் நல்ல படம் என்று சொல்ல வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை அந்தப் பொய்யை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். போனிலும் முயற்சி செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ரோபோவை நசுங்காமல் எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்கு நேரில் போங்கள். “இதை எப்படி மடக்குவது, எனக்கு வரவில்லை” என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கை நீளும், பாருங்கள். கிண்டல் செய்தது தப்பு என்று ஒரு வரியில் சொன்னால் போதும், நீட்ட வேண்டாம். தியேட்டரில் பாதியில் எழுந்து வந்ததையும் ஒப்புக்கொள்ளுங்கள். “மிச்சத்தை எனக்குச் சரியாகக் காட்டு” என்று உட்காருங்கள். டோக்கியோ சண்டையில் வாயைத் திறக்கக் கூடாது. நாக்கு துறுதுறுத்தால் முறுக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாகத்தை அன்றே காட்டாதீர்கள். கொஞ்ச நாள் போகட்டும், அவனே கேட்பான். காட்டும்போது “இதுதாண்டா படம்” என்று ஆரம்பிக்கக் கூடாது. “ரொம்ப இருட்டா இருக்கு மாமா” என்று பாதியில் எழுந்து விளையாடப் போனாலும் போவான். போகட்டும், நீங்களும் ஒரு நாள் போனவர்தானே.

இன்னொன்று. உங்கள் கடை டப்பாவில் செத்த போன்களின் வைப்ரேட்டர் மோட்டார், ஸ்பீக்கர், பொடி ஸ்குரு எல்லாம் சும்மாதானே கிடக்கும்? ஒரு கை அள்ளிக்கொண்டு போங்கள். ஸ்கிராப்பர் செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய சீர் இல்லை. பழைய போன் பேட்டரி மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பியதைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அந்த மோட்டார் சுற்ற இரண்டு பென்சில் செல் போதும்.