அழாதவரை அழவைக்க வேண்டுமா?

கேள்வி: உளவியல் படித்துவிட்டு ஒரு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் ஒருவருக்கு 54 வயது. மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. மகள்தான் அழைத்து வருகிறார். மூன்று முறை வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கேஸ் கனெக்‌ஷனைத் தன் பேருக்கு மாற்றுவது, சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுவது என்றே பேசுகிறார். இவர் 'மறுப்பு' நிலையில் இருக்கிறாரா? எப்படி அழவைப்பது?

பதில்: அழவைக்க வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, பிழைக்க வழியில்லாத நோயாளிகளிடம் பேசிப் பார்த்துத்தான். உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு அது பின்னால் பொருத்தப்பட்டது. துக்கம் எல்லோருக்கும் அப்படிப் படிப்படியாக வருவதில்லை.

துக்கத்தைப் பற்றி ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் சொன்னதுதான் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பார். ஒரு பக்கம் போனவரை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் அவர் இல்லாத வீட்டை நடத்தப் பழகுவது. உங்களிடம் வருபவர் இப்போது இரண்டாவது பக்கத்தில் நிற்கிறார். மனைவி இனி வரமாட்டார் என்று தெரிந்ததால்தானே பருப்பு அளவு கேட்கிறார்? இதில் மறுப்பு எங்கே இருக்கிறது?

அதனால் அந்தப் பருப்பு வழியாகவே உள்ளே போங்கள். "அவங்க சாம்பார் எப்படி வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகலாம். கண் கலங்கினால் உடனே டிஷ்யூவை நீட்டாதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்வது போல அது ஆகிவிடுகிறது என்று தாமதமாகத்தான் புரிந்தது. அவர் இதுவரை ஏன் அழவில்லை என்றும் யோசியுங்கள். சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழலாம், ஒப்பாரி வைக்கலாம். ஆண் பந்தலில் நின்று ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். "நீயே உடைஞ்சா பிள்ளைங்க என்ன ஆகும்" என்று வேறு சொல்லியிருப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தங்கள் ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

கல்யாண நாள், தீபாவளி, முதல் திதி எல்லாம் எந்தத் தேதியில் வருகின்றன என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளை எங்கே, யாரோடு கழிப்பார் என்று அவரோடு சேர்ந்து யோசியுங்கள்.

நான்கு மாதத்தில் நோய்ப் பெயர் எதுவும் வேண்டாம். 'நீடித்த துக்கம்' என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் கேட்கிறது. பெரியவர்களுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 12 மாதம் கேட்கிறது. ஆனால் தூக்கம், சாப்பாடு, குடி பற்றி ஒவ்வொரு முறையும் விசாரியுங்கள். "நானும் அவகூடவே போயிருக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவில் உதவி தேவைப்பட்டால் அழைக்க அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்த மகள். அவரும் அம்மாவை இழந்தவர்தான். அப்பாவை அழைத்து வருபவர், தான் அழுதாரா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அடுத்த முறை அவரையும் தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.