கேமில் ஓட்டிய கார் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விளையாட்டில் ஓட்டிய கார் நிஜத்தில் எது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அண்ணா, நான் அரூரில் காலேஜ் படிக்கிறேன். 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' கேமில் ஆரம்பத்திலேயே நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போவார்களே, நீலமும் வெள்ளியுமாக ஒரு பி.எம்.டபிள்யூ, அது நிஜமாகவே இருந்த காரா? அது சாதாரண எம்3 தான், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார்.

மாமா சொல்வதில் பாதி சரி தம்பி. உடம்பு எம்3 தான், ஈ46 என்று சொல்வார்களே, அந்தத் தலைமுறை. ஆனால் பானட்டைத் திறந்தால் கதை வேறு. சாதாரண ஈ46 எம்3-இல் இருப்பது 3.2 லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். நீங்கள் கேமில் ஓட்டியது எம்3 ஜி.டி.ஆர். அதில் இருந்தது 4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டரும் ஆங்கில V எழுத்து மாதிரி இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும். பந்தயத்துக்காகவே செய்த எஞ்சின் அது. 2001-இல் அமெரிக்காவில் நடந்த 'அமெரிக்கன் லே மான்ஸ் சீரிஸ்' பந்தயத் தொடரில் இந்தக் காரை இறக்கினார்கள், அந்த வருடம் ஜி.டி. பிரிவில் (ரோட்டில் ஓடும் காரை ஒட்டிச் செய்த பந்தயக் கார்களுக்கான பிரிவு) போர்ஷேக்காரர்களை வெளுத்து வாங்கியது. கடைக்குப் போய் யாராலும் வாங்க முடியாத எஞ்சினை வைத்துக்கொண்டு ஓட்டினால் அது என்ன நியாயம் என்று சண்டை வந்தது. அடுத்த வருடம் விதியையே மாற்றிவிட்டார்கள். 100 கார், 1,000 எஞ்சின் செய்து விற்றால்தான் அந்த எஞ்சினோடு ஓடலாம் என்றார்கள். பி.எம்.டபிள்யூ ரோட்டில் ஓட்டும் ஜி.டி.ஆரை விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் செய்திருந்தது, அதனால் அந்தத் தொடரைவிட்டே விலகிக்கொண்டது. அத்தோடு கார் மூலைக்குப் போய்விடவில்லை. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை 2004, 2005 இரண்டு வருடமும் ஜெயித்தது இதே எம்3 ஜி.டி.ஆர்தான். கேம் வெளிவந்தது 2005 நவம்பரில். அப்படியானால் நாம் ஓட்டியது அந்த வருடமே ஒரு பெரிய பந்தயத்தை ஜெயித்த காரை.

அந்த நீலக் கோடு மட்டும் கேமுக்காக வரைந்தது. நிஜப் பந்தயத்தில் வெள்ளை உடம்பில் பி.எம்.டபிள்யூவின் வழக்கமான கோடுகளோடு ஓடியது. பிறகு 2024-இல் அந்த கேம் பெயிண்ட்டையே நிஜக் காருக்கு அடித்து மியூனிக்கில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு விஷயம், அடுத்த முறை ஓட்டும்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எஞ்சின் உறுமலுக்கு மேலே 'ஙீ...' என்று மெலிசாக ஒரு சத்தம் ஏறும், இறங்கும். அது கியர் சத்தம். நம் வீட்டு வண்டியில் கியரின் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், ஒன்றோடு ஒன்று வழுக்கிச் சேர்வதால் சத்தம் அடங்கிவிடும். பந்தய கியர்பாக்ஸில் பற்கள் நேராக இருக்கும், சாய்வுப் பற்களைப் போலப் பக்கவாட்டில் தள்ளாது, ஆனால் கத்தும். சாதாரண காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வருகிறதே, பெரும்பாலும் அதற்கும் இதுதான் காரணம், ரிவர்ஸ் கியரை மட்டும் நேராக வெட்டிவிடுவது வழக்கம். மாமா வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்த அமெரிக்கத் தொடரை 1999-இல் தொடங்கியவர் டான் பனோஸ், மருந்துத் தொழிலில் சம்பாதித்தவர். அதே 1999-இல் வந்த 'மிட்டவுன் மேட்னஸ்' விளையாடியவர்களுக்கு அந்தப் பெயர் உடனே ஞாபகம் வந்திருக்கும். சிகாகோ தெருக்களில் பறந்த பனோஸ் ஜி.டி.ஆர்-1 அந்தக் குடும்பத்துக் கம்பெனியின் கார். மற்றவர்கள் பெரும்பாலும் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் முன்னால் வைத்தார்கள், அதனால்தான் அதற்கு அவ்வளவு நீளமான மூக்கு.

கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 41. பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் 'நீட் ஃபார் ஸ்பீடு 2' ஓட்டுவோம். அதில் 'இஸ்டெரா' என்று ஒரு கார். இன்றுவரை ரோட்டிலும் பார்க்கவில்லை, பேப்பரிலும் பார்க்கவில்லை. அப்படி ஒரு கம்பெனி இருந்ததா, இல்லை சும்மா ஒரு பெயரா?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் சார். நானும் அந்த வயதில், தருமபுரியில் அப்படி ஒரு சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து அதே காரை ஓட்டியவன். ஸ்பீக்கர் ஒன்றுதான் வேலை செய்யும், கீபோர்டில் மேல் அம்புக்குறி தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

கம்பெனி நிஜம். ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஷுல்ஸ் என்ற வடிவமைப்பாளர் நடத்திய சின்ன நிறுவனம். நீங்கள் ஓட்டியது இஸ்டெரா கமெண்டதோரே 112ஐ. 1993-இல் காட்டினார்கள். மெர்சிடிஸின் 6 லிட்டர் வி12 எஞ்சின், மேலே இறக்கை மாதிரி விரிகிற கதவுகள். நீங்கள் ஏன் ரோட்டில் பார்க்கவில்லை என்றால், உலகத்திலேயே அது ஒன்றே ஒன்றுதான். தயாரிப்புக்கு வரவே இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு பையன், தருமபுரியில் ஒரு பையன், இந்தியா முழுக்க இன்னும் எத்தனையோ பையன்கள் ஓட்டிய கார், நிஜத்தில் ஒரே ஒரு வண்டி. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். அந்த கேம் வந்திருக்காவிட்டால் ஷுல்ஸ் செய்த அந்தக் கார் நம் காதுக்கு எட்டியே இருக்காது.

அதே கேமில் முக்கோணம் முக்கோணமாக வெட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கார் இருந்ததே, ஃபோர்டு ஜி.டி.90, அதையும் சொல்லிவிடுகிறேன். லேத் வேலை தெரிந்தவருக்கு அது பிடிக்கும். 1995 டெட்ராய்ட் கண்காட்சியில் காட்டிய மாதிரி வண்டி அது. இரண்டு வி8 எஞ்சின்களை வெட்டிச் சேர்த்து ஒரு வி12 ஆக்கினார்கள், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற டர்போ நான்கு, 720 குதிரைத்திறன். புகைபோக்கிச் சூடு தாங்காமல் பின்பக்க உடம்பு கெட்டுவிடும் என்று, விண்வெளி ஓடத்துக்கு ஒட்டுகிற மாதிரியான பீங்கான் ஓடுகளைப் பதித்தார்கள். அடியில் இருந்த பாகங்கள் நிறைய ஜாகுவார் எக்ஸ்.ஜே.220-இலிருந்து எடுத்தவை, அன்று ஜாகுவார் ஃபோர்டு கையில் இருந்தது. அந்த எக்ஸ்.ஜே.220-உம் அதே கேமில் உண்டு. வி12 தருவோம் என்று முதலில் காட்டிவிட்டு, கடைசியில் டர்போ வைத்த வி6 போட்டுக் கொடுத்ததால் முன்பணம் கட்டியவர்கள் கொதித்துப்போன கார் அது. ஜாகுவாரை 2008-இல் டாடா வாங்கிவிட்டது, ஆக நாம் பையனாக ஓட்டிய ஒரு கம்பெனி இப்போது நம் நாட்டுக்காரர்களுடையது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து ரூமில் 'சான் ஆண்ட்ரியாஸ்' ஓடும். அதில் 'சுல்தான்' எந்தக் கார் என்று தினமும் சண்டை. நான் சுபாரு என்கிறேன், ரூம் மேட் மிட்சுபிஷி லான்சர் என்கிறான், இன்னொருவன் லெக்சஸ் என்கிறான். தீர்ப்புச் சொல்லுங்கள் அண்ணா. ஏன் நிஜப் பெயரையே வைக்கக் கூடாது?

முதலில் இரண்டாவது கேள்வி. நிஜப் பெயரும் சின்னமும் போட வேண்டுமானால் கார் கம்பெனியிடம் உரிமம் வாங்க வேண்டும். பணம் ஒரு பக்கம், நிபந்தனைகள் இன்னொரு பக்கம். எங்கள் கார் இவ்வளவுதான் நசுங்கலாம், ஆள் மேல் ஏற்றக் கூடாது என்றெல்லாம் கேட்பார்கள். சான் ஆண்ட்ரியாஸ் சேர்ந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (ஜி.டி.ஏ.) வரிசையில் காரைத் திருடுவதும் ஆளை இடிப்பதுமாக நடப்பதைப் பார்த்து எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடும்? அதனால் அவர்களே பெயர் வைத்து, இரண்டு மூன்று கார்களைக் கலந்து செய்துவிடுகிறார்கள்.

சுல்தானும் அப்படிக் கலந்ததுதான். சுபாரு இம்பிரெசா வாடையும் இருக்கிறது, லெக்சஸ் ஐ.எஸ். வாடையும் இருக்கிறது. ஒரே காரைச் சொல் என்றால் சொல்ல முடியாது, சொன்னால் பொய். உங்கள் ரூம் மேட்டுக்கு லான்சர் தோன்றியதில் தப்பே இல்லை, அந்தக் காலத்து ராலி செடான்கள் எல்லாமே அண்ணன் தம்பி மாதிரி. லான்சர் நமக்குத் தூரத்து வண்டியும் இல்லை, 1998 முதல் இந்தியாவில் விற்ற லான்சரைச் செய்தது நம் திருவள்ளூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்.

ஆனால் எல்லாமே இப்படிக் குழப்பம் இல்லை. 'எலிஜி'யின் பின்னால் நின்று பாருங்கள், நிசான் ஸ்கைலைன் ஆர்32. 'ஜெஸ்டர்' டொயோட்டா சூப்ரா, 'டூரிஸ்மோ' ஃபெராரி எஃப்40. 'இன்ஃபெர்னஸ்' மட்டும் கவனம். அதே வரிசையில் முன்பு வந்த 'வைஸ் சிட்டி'யில் அதே பெயரில் வருவது லம்போர்கினி கவுன்டாச் சாயல், சான் ஆண்ட்ரியாஸில் வருவது ஹோண்டா என்.எஸ்.எக்ஸ் சாயல். பெயரை நம்பினால் இங்கே ஏமாந்துவிடுவோம்.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முகத்தைக் கடைசியில் பார்ப்பேன். பம்பர், கிரில் எல்லாம் கேம்காரர்கள் முதலில் மாற்றுகிற இடம். பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை இறங்கி வந்து உடம்போடு சேருகிற தூண் இருக்கிறதே, அதன் சாய்வை மாற்றினால் காரே வேறாகிவிடும் என்பதால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் டெயில் லேம்ப். இதை நான் பழகியது தொப்பூர் கணவாயில். இரவில் இறக்கத்தில் லாரிகள் சின்ன கியரில் ஊர்ந்து போகும், அவற்றின் பின்னால் எல்லாக் கார்களும் வரிசையாக நிற்கும், இருட்டில் தெரிவது சிவப்பு விளக்கு மட்டும்தான். விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம், உள்ளே வட்டமா கோடா என்று பார்த்தே பெயர் சொல்லிப் பழகினோம் நானும் என் சித்தப்பாவும். கேமிலும் அதே கண்தான். ரூமில் மூன்று பேரும் ஸ்கிரீனை நிறுத்திவைத்து, முன்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஏழாவது படிக்கிறான். போனில் பஸ் ஓட்டுகிறான், போர்டில் 'தருமபுரி – சேலம்' என்று தமிழில் இருக்கிறது, நம் அரசு பஸ் நிறம்தான். ஆனால் பஸ் போகிற ஊர்கள் ஒன்றும் நம் ஊர் மாதிரி இல்லை. இது எந்த நாட்டு விளையாட்டு தம்பி, அந்த பஸ் நிஜமா?

அது இந்தோனேஷிய விளையாட்டு அக்கா, 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா', 2017-இல் வந்தது. ஊர்களெல்லாம் அந்த நாட்டு ஊர்கள். பஸ்ஸுக்கு நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ள அதில் வசதி இருப்பதால், நம் ஊர்ப் பையன்கள் உட்கார்ந்து அரசு பஸ், தனியார் பஸ் என்று நிறம், கோடு, போர்டு எல்லாம் வரைந்து மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். பஸ்ஸையே புதிதாகச் செய்து சேர்க்கிறவர்களும் உண்டு. அங்கேயும் நம்மைப் போல ரோட்டில் இடதுபக்கம்தான் போவார்கள், ஸ்டியரிங் வலதுபக்கம், அதனால் நம் பஸ் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

நம் அரசு பஸ்களில் பெரும்பாலானவை அசோக் லேலண்ட், அதன் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. இந்தோனேஷியாவில் நிறைய ஓடுவது ஜப்பானின் ஹினோ. இரண்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. லேலண்டின் எச் வரிசை எஞ்சின்கள் ஹினோ தொழில்நுட்பத்தில் வந்தவை, பழைய டிரைவர்களைக் கேட்டால் 'ஹினோ இன்ஜின்' என்றே சொல்வார்கள். மகனைத் தருமபுரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போகும்போது முன் சீட்டில் உட்கார வையுங்கள், எங்கே டிரைவர் கியர் மாற்றுகிறார் என்று அவனே சொல்வான்.

பென்னாகரத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பது வருடம் முன்பு பொருட்காட்சியில் காசு போட்டு ஓட்டும் கார் விளையாட்டு ஒன்று பார்த்தேன். கூரையில்லாத சிவப்புக் கார், பக்கத்தில் பொன்னிற முடியோடு ஒரு பெண், சாலை இரண்டாகப் பிரியும். பெயர் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லவும்.

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே விளையாட்டைத்தான் காட்டுகின்றன, சேகா கம்பெனியின் 'அவுட்ரன்', 1986. கார் ஃபெராரி டெஸ்டரோசா. பக்கவாட்டுக் கதவில் சீப்புப் பற்கள் மாதிரி நீள நீளக் கோடுகள் போகும், அதுதான் அதன் அடையாளம். அப்போது சேகா உரிமம் வாங்கவில்லை, பிறகு 2003-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் முறைப்படி வாங்கினார்கள்.

கூரையில்லாத டெஸ்டரோசாவை ஃபெராரி விற்பனைக்குச் செய்யவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும், அதே 1986-இல், ஃபியட் தலைவர் ஜியானி அன்யெல்லிக்காகச் செய்து கொடுத்தது. அதுவும் சிவப்பு இல்லை ஐயா, வெள்ளி நிறம்.