எண் பத்து மடங்கு என்றால் புரதமும் பத்து மடங்கா?

கேள்வி: உயிர்வேதியியல் முதுகலை மாணவி நான். எங்கள் மாதிரிகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை அளக்கும் முறை) ஆய்வுக்கு அனுப்பியிருந்தோம். புரதங்களின் பெயரும் எதிரே எண்களுமாக நீண்ட அட்டவணை வந்திருக்கிறது. ஒரு புரதத்தின் எண் இன்னொன்றைவிடப் பத்து மடங்கு இருந்தால், அளவும் பத்து மடங்கா? இந்த அளவாய்வை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: இல்லை. அந்த எண்கள் கருவி கண்டறிந்த அயனிகளின் சமிக்ஞை மட்டுமே. சம அளவில் இருக்கும் இரண்டு பெப்டைடுகளில் (புரதத்தை வெட்டிய துண்டுகள்) ஒன்று எளிதில் அயனியாகும், மற்றொன்று அடம்பிடிக்கும். பிரிப்புக் குழாயிலிருந்து கூடவே வெளிவரும் உப்பும் கொழுப்பும் சமிக்ஞையை அமுக்கிவிடும். ஆகவே ஒரே புரதத்தை, ஒரே விதமாகத் தயாரித்த மாதிரிகளுக்கிடையே ஒப்பிடுங்கள். வெவ்வேறு புரதங்களை ஒப்பிடத் தோராய முறைகள் உண்டு. ஆனால் பத்து மடங்கு என்று அறுதியிட்டு எழுத அவை போதாது.

உண்மையான அளவு வேண்டுமென்றால், அதே பெப்டைடின் கனமான வடிவத்தைத் தெரிந்த அளவில் சேர்க்க வேண்டும். லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஆறு கார்பன்-13, இரண்டு நைட்ரஜன்-15 அணுக்களை வைத்தால் நிறை 8.014 டால்டன் கூடும். கருவி நிறையை மின்னேற்றத்தால் வகுத்தே காட்டுவதால், இரட்டை மின்னேற்றம் பெற்ற அயனியில் அது 4.007 இடைவெளியாகத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவந்து ஒரே அமுக்கத்துக்கு ஆளாவதால் விகிதம் குலையாது. 50 ஃபெம்டோமோல் கனப் பெப்டைடு சேர்த்து, இயல்பானதன் சமிக்ஞை உச்சியின் பரப்பு கனமானதன் பரப்பில் பாதி என்றால், உங்களிடம் இருப்பது 25. கனமாக்க டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வேண்டாம், அதைக் கொண்ட பெப்டைடு சற்று முன்னதாகவே வெளிவந்துவிடக்கூடும். புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டும் டிரிப்சின் நொதியின் செரிமானத்துக்குப் பிறகு சேர்த்தால், அதற்கு முன் நேர்ந்த இழப்பு கணக்கில் வராது என்பதையும் மறவாதீர்கள்.

கற்பதற்கு ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று பெப்டைடுகள் போதும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உள்ளவற்றைத் தவிருங்கள். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சமிக்ஞை இரண்டாகப் பிரியும். இந்தச் சமிக்ஞைகளை அலச வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்கைலைன் மென்பொருள் இலவசம், பயிற்சித் தரவுகளும் உடன் கிடைக்கும். தானியங்கி மென்பொருள்களுக்குப் போகுமுன், உச்சிகளின் எல்லைகளை இதில் நீங்களே குறித்துப் பழகுங்கள்.

அடுத்து, கனப் பெப்டைடை மாறாமல் வைத்து, இயல்பானதன் அளவைப் படிப்படியாக ஏற்றி அளவுத்திருத்தக் கோடு வரையுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். ஒட்டுறவுக் கெழு 0.99 வந்ததுமே நிம்மதியடைகிறார்கள். ஆனால் கோட்டைத் தம் பக்கம் இழுத்துப் பிடிப்பவை மேல்முனைப் புள்ளிகள். கீழ்முனையில் விடை பாதியாகவோ இரட்டிப்பாகவோ பிறழ்ந்திருந்தாலும் கெழு காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் கோட்டிலிருந்தே திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். மருந்தாய்வுக்கான ஐசிஹெச் (மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பு) எம்10 வழிகாட்டுதல் 15 விழுக்காடு வரையும், மிகக் குறைந்த புள்ளிக்கு மட்டும் 20 விழுக்காடு வரையும் பிறழ்ச்சியை ஏற்கிறது. கீழ்முனைப் புள்ளிகள் இந்த வரம்பைத் தாண்டினால், செறிவின் வர்க்கத்துக்குத் தலைகீழான எடை கொடுத்துக் கோட்டை மீண்டும் பொருத்துங்கள்.

கையிலிருக்கும் அட்டவணையைப் பொறுத்தவரை, வெற்றுக் கட்டங்களில் பூஜ்யம் நிரப்பாதீர்கள். கருவிக்குத் தென்படவில்லை என்பதால் புரதமே இல்லை என்றாகாது. ஒரே மாதிரியை மூன்று முறை செலுத்தியிருந்தால் அவை மூன்று மாதிரிகள் ஆகிவிடா. தனித்தனி மாதிரிகள் எத்தனை என்று ஆய்வகத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்பே புள்ளியியல் சோதனையில் இறங்குங்கள்.